தொழில் தெரிந்த பெண்களுக்கு வாய்ப்புச் சீட்டு எப்போது?

சொந்தமாகத் தொழில் நடத்திய அனுபவத்தோடு சட்டமியற்றும் அவைக்குள் நுழைந்த பெண்கள் இந்தியாவில் மிகச் சிலர். அந்தச் சிலரும் நுழைந்த வாசல்கள் இரண்டுதான்: ஒன்று நியமனம், மற்றொன்று குடும்பம். தன் தொழிலையும் உழைப்பையும் காட்டி ஓட்டுக் கேட்கும் மூன்றாவது வாசல் இன்னும் அடைத்தே கிடக்கிறது. அதைத் திறக்க வேண்டிய பொறுப்பு கட்சிகளுடையது. திறப்பதற்கு விருத்தாசலம் போன்ற தொழில் ஊர்களே பொருத்தமான இடம்.

நியமன வழிக்கு நல்ல உதாரணம் அனு ஆகா. புனேயில் கொதிகலன்கள் தயாரிக்கும் தெர்மாக்ஸ் நிறுவனத்தில் 1985-ல் வேலைக்குச் சேர்ந்து, பின்னர் மனிதவளப் பிரிவின் தலைவரானார். 1996-ல் கணவர் ரோஹிண்டன் ஆகா மாரடைப்பால் இறந்ததும் தலைமைப் பொறுப்பு இவர் தலையில் விழுந்தது. அடுத்த ஆண்டே மகனையும் விபத்தில் பறிகொடுத்தார். ஒருகாலத்தில் 400 ரூபாய்க்கு விற்ற பங்கு 36 ரூபாய்க்கு இறங்கியது. 'எங்களைக் கைவிட்டுவிட்டீர்கள்' என்ற பொருளில் பெயர் போடாத பங்குதாரர் ஒருவர் எழுதிய கடிதம் தன்னைத் தூங்கவிடவில்லை என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு அவர் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. வெளியிலிருந்து ஆலோசகர்களை அழைத்தார். குடும்பத்தினரை நிர்வாகப் பதவிகளிலிருந்து விலக்கினார். அந்தப் பட்டியலில் தன் பெயரையும் சேர்த்துக்கொண்டார். இயக்குநர் குழுவில் வெளியாட்களுக்கு இடம் தந்தார். மையத் தொழிலுக்குப் பொருந்தாத கிளைகளை விட்டொழித்தார். நிறுவனம் நிமிர்ந்ததும் 2004-ல் தலைவர் பதவியை மகள் மெஹர் புதும்ஜியிடம் கொடுத்துவிட்டு, ஏழைக் குழந்தைகளின் கல்விப் பணிக்குப் போனார். 2002 குஜராத் கலவரத்தைத் தொழிலதிபர்கள் பலர் பேசாமல் கடந்தபோது வெளிப்படையாகக் கண்டித்தவர்களில் அவரும் ஒருவர். 2012 ஏப்ரலில் சச்சின் டெண்டுல்கர், ரேகா ஆகியோருடன் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவர் அந்த இடத்துக்குத் தகுதியானவர் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்த வாக்காளரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த வாக்காளரும் அவரைக் கேள்வி கேட்டிருக்கவும் முடியாது.

குடும்ப வழிக்கு சாவித்ரி ஜிண்டால். கணவர் ஓ.பி. ஜிண்டால் ஹரியாணா அமைச்சராக இருந்தபோது, 2005 மார்ச் 31 அன்று ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தார். அவருடைய ஹிசார் தொகுதியும் எஃகுத் தொழில் சாம்ராஜ்யத்தின் தலைமையும் சாவித்ரியிடம் வந்தன. 2005-லும் 2009-லும் வென்று அமைச்சரானார். 2014-ல் தோற்றார். 2024-ல் கட்சி இடம் தராததால் சுயேச்சையாக நின்று அதே ஹிசாரில் வென்றார். அந்தக் கடைசி வெற்றி அவருடைய சொந்த வெற்றி என்றே சொல்லலாம். ஆனால் முதன்முதலில் அவருக்கு வாசல் திறக்க ஒரு மரணமும் பெரும் செல்வமும் தேவைப்பட்டன. இவை இரண்டும் இல்லாத பெண் என்ன செய்வாள்?

அந்தப் பெண்ணை விருத்தாசலத்தில் பார்க்கலாம். நெய்வேலிப் பகுதியின் வெண்களிமண்ணை நம்பி வளர்ந்த செராமிக் தொழில் இந்த ஊருக்குத் தமிழகம் முழுக்கப் பெயர் வாங்கித் தந்தது. கொலு பொம்மையிலிருந்து மின்சார ஃபியூஸ் கேரியர் வரை இங்கே தயாராகின்றன. குழம்பாகக் கரைத்த மண்ணை பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவது, அச்சு ஈரத்தை உறிஞ்சியதும் உருவத்தைப் பிரித்தெடுப்பது, பிசிறு சீவுவது, காய வைப்பது, சூளையில் அடுக்குவது, வண்ணம் பூசுவது என்று பெண்களின் கைபடாத பட்டறை அரிது. எரிபொருள் விலை ஏறினால் எந்தச் சரக்கை நிறுத்த வேண்டும், மழைக்காலத்தில் காயாத சரக்கை என்ன செய்வது, தவணை முறையில் பணம் தரும் வியாபாரியிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அவர்களுக்கு அன்றாடக் கணக்கு. நகராட்சி வரவு செலவைப் படிக்கவும் இந்தக் கணக்கறிவுதான் வேண்டும்.

விருத்தாசலம் தேர்தலில் பிரபலங்களைப் பார்க்காத ஊர் அல்ல. 2006-ல் விஜயகாந்தை முதன்முதலாகச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது இந்தத் தொகுதிதான். 2021-ல் அவருடைய மனைவி பிரேமலதா இங்கே நின்று தோற்றார். வெளியூர்ப் பிரபலத்தை ஏற்கவும் மறுக்கவும் தெரிந்த வாக்காளரிடம், உள்ளூர்ச் சூளைக்காரப் பெண் ஒருவரை வேட்பாளராக நிறுத்திப் பார்க்க எந்தப் பெரிய கட்சிக்கும் மனம் வரவில்லை.

இடஒதுக்கீடு இருக்கிறதே என்று சொல்வார்கள். 1990-களில் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்காக வந்த பெண்கள் இடஒதுக்கீடு, தமிழ்நாட்டில் 2016-ல் 50 விழுக்காடாக உயர்ந்தது. அது பெரும் மாற்றம். ஆனால் ஒதுக்கப்பட்ட வார்டில் யாரை நிறுத்துவது என்பதைக் கட்சிதான் முடிவுசெய்கிறது. மாவட்டச் செயலாளரின் மனைவி, முன்னாள் உறுப்பினரின் மருமகள் என்றே பட்டியல் நீள்கிறது. வென்ற பிறகு கணவர் கூட்டத்துக்கு வருவதும் கையெழுத்தை மட்டும் மனைவி போடுவதும் ஊரறிந்த வழக்கம். ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்தில் 2021 தேர்தலில் வென்ற பெண்கள் 234 பேரில் 12 பேர்தான். தன் பட்டறையில் தானே முடிவெடுத்துப் பழகிய பெண்ணைக் கையெழுத்துப் பொம்மையாக்குவது எளிதல்ல. கட்சிகள் அவரைத் தவிர்ப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

இதில் நியாயமான அச்சம் ஒன்றும் உண்டு. தொழில் செய்பவர் பதவிக்கு வந்தால், பதவி தொழிலுக்கு வேலை செய்யாதா? தமிழ்நாட்டுக்கு இது கேள்விப்படாத சங்கதியல்ல. ஜெயலலிதா முதல்வராக இருந்தபோது, அவர் பங்குதாரராக இருந்த ஜெயா பப்ளிகேஷன்ஸ், அரசின் சிறுதொழில் நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கியது. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்த தீர்ப்பை உறுதிசெய்தது. அதே வேளையில், மனச்சாட்சிக்குப் பதில் சொல்லி நிலத்தைத் திருப்பித் தரும்படி அறிவுறுத்தியது. அரசுச் சொத்தை வாங்கக் கூடாது என்ற அமைச்சர்களுக்கான நடத்தை விதிக்குச் சட்ட பலம் இல்லை என்பதே அந்த வழக்கு கற்றுத்தந்த பாடம்.

இந்த அச்சம் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. ஒப்பந்ததாரர்களும் கல்லூரி அதிபர்களும் மணல் வியாபாரிகளும் வேட்பாளராகும்போது எழாத கேள்வியைப் பெண் தொழில்முனைவோரிடம் மட்டும் கேட்பது நேர்மையாகாது. தீர்வு வெளிப்படைத்தன்மை. உறுப்பினர்களின் தொழில் தொடர்புகளைப் பதிவேட்டில் குறிக்கும் ஏற்பாடு மாநிலங்களவையில் உண்டு. அதே போன்ற பதிவேடு சட்டமன்றத்திலும் நகர்மன்றங்களிலும் வரட்டும். மக்கள் பார்க்கும்படி இருக்கட்டும். தன் தொழிலைத் தொடும் தீர்மானத்தில் உறுப்பினர் வாக்களிக்காமல் விலகுவது சட்டமாகட்டும்.

கட்சிகளிடம் நாம் கேட்பது சலுகை அல்ல. சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு தரும் 106-வது அரசியலமைப்புத் திருத்தம் 2023-ல் நிறைவேறிவிட்டது. அந்த இடங்களுக்கு ஆள் தேடும் நாளில் மறுபடியும் தலைவர்களின் வீட்டு வரவேற்பறைகளுக்கே போகாமல் இருக்க வேண்டுமானால், இப்போதே நகர்மன்றத் தேர்தல்களில் தொழில் செய்யும் பெண்களை நிறுத்திப் பழக்க வேண்டும். விருத்தாசலத்தில் செராமிக், திருப்பூரில் பின்னலாடை, சிவகாசியில் தீப்பெட்டி என்று ஒவ்வொரு தொழில் ஊரிலும், அந்தத் தொழிலில் சொந்தக் காலில் நிற்கும் பெண்களுக்கு ஒவ்வொரு கட்சியும் சில வார்டுகளையாவது தரட்டும். தராத கட்சியிடம், ஓட்டுக் கேட்டு வாசலுக்கு வரும்போது அதற்கான காரணத்தை வாக்காளர்கள் கேட்க வேண்டும்.