சிஓடி எண்ணுக்குள் ஒளியும் நஞ்சு

ஆலைக் கழிவுநீரை 24 மணி நேரமும் இணையவழியில் கண்காணிக்கிறோம் என்று அதிகாரிகள் சொல்வது பொய்யல்ல. அதிக மாசு விளைவிக்கும் 17 வகைத் தொழில்களுக்கு அந்தக் கருவிகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-ல் கட்டாயமாக்கியது. ஆனால் அவை பெரும்பாலும் அளப்பது அமில காரத் தன்மை, கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள், பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்), சிஓடி (கழிவை வேதிமுறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) ஆகியவற்றைத்தான். பூச்சிமருந்து, சாயம், மருந்து மூலப்பொருள் ஆலைகளிலிருந்து வரக்கூடிய குளோரின் கலந்த கரிம நஞ்சுகள் இந்தப் பட்டியலில் தனியாகத் தெரிவதில்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கழிவுநீரில் பென்டாகுளோரோபீனால் என்ற குளோரின் நஞ்சு 1 மில்லிகிராம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு 0.009 மில்லிகிராம், இது அதைப்போல 100 மடங்குக்கும் மேல். அதனால் கூடும் சிஓடியோ அரை மில்லிகிராம் சொச்சம். ஆற்றில் விட அனுமதிக்கப்பட்ட சிஓடி 250 மில்லிகிராம். அந்த நஞ்சு இருந்தாலும் இல்லாவிட்டாலும் கருவி காட்டும் எண் ஏறக்குறைய ஒன்றுதான். கழிவுநீரை யார் குடிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்கள், அது போய்ச் சேரும் ஆற்றங்கரையில் எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் இருக்கின்றன என்று எண்ணிவிட்டு வரட்டும்.

நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிப்பதில் நமக்கு மறுப்பில்லை. குளோரின் நஞ்சுகளுக்கும் அது நல்ல வழிதான், முறையாகச் செய்தால். சிக்கல் எங்கே என்றால், பெரும்பாலான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் அடிப்படை காற்றூட்டும் தொட்டிதான். இந்த நஞ்சுகளில் ஒன்றான பெர்குளோரோஎத்திலீனின் மூலக்கூறில் நான்கு குளோரின் அணுக்கள். ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியாக்களால் பெரும்பாலும் அதை அசைக்க முடிவதில்லை. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் வாழும் வேறு இனங்கள்தாம் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றுகின்றன. அப்படி நான்கையும் கழற்றி எத்திலீனாக்கும் பாக்டீரியாவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997-ல் அறிவித்தார்கள். அவர்களுக்கு அது கிடைத்தது இதாகா ஊரின் சாக்கடைக் கசடிலிருந்து! ஆனால் வேலை மூன்றாவது குளோரினோடு நின்றுவிட்டால் எஞ்சுவது வினைல் குளோரைடு. புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள். ஆகவே காற்றில்லாத் தொட்டி முதலில், காற்றூட்டும் தொட்டி பிறகு என்ற வரிசையும், கழிவுநீர் அவற்றில் போதிய நாள் தங்குவதும் இங்கே உயிர்நாடி. இவை இல்லாமல் நேரே காற்றை ஊதினால் எளிதில் ஆவியாகும் நஞ்சு வானத்துக்குப் போகும், ஒட்டும் நஞ்சு கசடில் படியும். வெளியேறும் தண்ணீர் மட்டும் சான்றிதழ் வாங்கிவிடும்.

தொட்டியை நடத்தும் ஊழியருக்கு இதெல்லாம் தெரியும். ஒரு லிட்டர் கண்ணாடி உருளையில் தொட்டி நீரை ஊற்றி, அரை மணி நேரத்தில் கசடு எவ்வளவு படிகிறது என்று அவர் நாள்தோறும் பார்க்கிறார். எங்கோ ஓர் ஆலை இரவில் வீரியமான கழிவைத் திறந்துவிட்டால், காலையில் கசடு படியாமல் கலங்கி நிற்கும். நுண்ணோக்கியில் நேற்றுவரை காம்பில் ஆடிக்கொண்டிருந்த நுண்ணுயிர்களைக் காணோம். அனுப்பியது யார் என்று கண்டுபிடிக்க வழியில்லை. பல ஆலைகளின் கழிவு ஏற்கெனவே ஒரே குழாயில் கலந்துவிட்டது. ஆகவே குளோரின் கழிவைப் பிரித்து, ஆலை வளாகத்திலேயே முதற்கட்டச் சுத்திகரிப்பைச் செய்ய வேண்டும். அந்தச் செலவை ஏற்க வேண்டியது அந்த ஆலைதான். 1996-ல் வேலூர் தோல் தொழிற்சாலைகள் வழக்கில், மாசுபடுத்துபவரே விலை கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சிறு தொழில்கள் தாங்காது என்ற வாதம் வரும். பொதுவான கருவிகளுக்கு அரசு மானியம் தரட்டும். அதற்குமேல் இந்த வாதத்துக்கு இடமில்லை. தோலில் பூஞ்சை பிடிக்காமலிருக்கப் பயன்பட்ட பென்டாகுளோரோபீனாலை 1989-ல் ஜெர்மனி தடை செய்தது. கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு அங்கே விலை போகாது. நம் தோல் ஏற்றுமதியாளர்களும் அப்போது முடியாது என்றுதான் அஞ்சினார்கள். பிறகு வேறு மருந்துக்கு மாறினார்கள், தொழிலும் நிலைத்தது. ஜெர்மானியரின் காலணிக்காகச் செய்ய முடிந்ததை, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய உப்பனாற்றில் வலை வீசுபவருக்காகச் செய்ய முடியாதா?

ஏஓஎக்ஸ் எனப்படும், கரிமப் பொருள்களோடு பிணைந்த குளோரின் வகைகளை அளக்கும் சோதனை நமக்குப் புதிதல்ல. காகித ஆலைகளுக்கு அதற்கு வரம்பே இருக்கிறது. அதே சோதனையைக் குளோரின் சேர்மங்களைக் கையாளும் எல்லா ரசாயன ஆலைகளுக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் விரிவுபடுத்த வேண்டும். மாதிரியை எடுக்கும் இடம் பொதுக் குழாயாக இருக்கக் கூடாது. ஒவ்வோர் ஆலையின் வாசலிலும் எடுக்க வேண்டும். கசடுக்கும் அதே சோதனை. வேறு நீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன்கள் பிழைத்திருக்க வேண்டும் என்று மத்திய விதிகளிலேயே உள்ள நிபந்தனையின் முடிவுகளும் ஊர் மக்கள் பார்வைக்கு வர வேண்டும். இவற்றுக்கு உடன்படாத ஆலையின் இசைவாணையை, அது அடுத்த முறை புதுப்பிக்க வரும்போது, வாரியம் நிறுத்தி வைக்கட்டும்.