காற்று வரும் வழி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (இயற்பியல்)

சன்னல் என்பது போர்த்துகீசியர் நமக்குத் தந்துவிட்டுப் போன சொல். அவர்கள் வருவதற்கு முன்பே நம்மிடம் சாளரம் இருந்தது, காலதர் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. காற்று வரும் வழி காலதர்! எத்துணை பொருத்தமான பெயர்! ஆனால் காற்று உள்ளே வரவேண்டிய அவ்வழியே ஒரு குழந்தை வெளியே போய்விடுமானால்?

நம் வீட்டுச் சன்னலை நாம் அறிவோம். எந்தக் கொக்கி தளர்ந்தது, எந்தக் கதவு தானே திறந்துகொள்ளும் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தங்கும் விடுதியின் அறை அப்படிப்பட்டதன்று. இரவு பத்து மணிக்குக் களைத்து வந்து இறங்கும் குடும்பம் விளக்கை அணைத்துப் படுத்துவிடுகிறது. விடிந்ததும் பெரியவர்கள் எழுவதற்கு முன்னே பிள்ளை ஓடுவது சன்னலை நோக்கித்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கவனிக்கத்தான் வேண்டும். ஆனால் வகுப்பில் நாம் போடும் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 1.43 வினாடியில் தரையைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர். குளியலறையிலிருக்கும் தாய் கதவைத் திறக்கக்கூட அந்த நேரம் போதாது. சிறு பிள்ளைக்கு உடலை நோக்கத் தலை பெரிது. ஈர்ப்பு மையம் மேலே இருக்கிறது. எட்டிப் பார்க்கும் பிள்ளை எளிதில் தலைகுப்புறச் சாய்வது அதனால்தான். கொசுவலை தாங்கும் என்று நம்பிவிடக் கூடாது. அது கொசுவைத்தான் தடுக்கும்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். விடுதி அறைக்குள் விருந்தினனாக நுழைந்ததில்லை. தலையணை உறை மாற்றத்தான் நுழைந்திருக்கிறேன். கோடை விடுமுறையில் மலையூர் ஒன்றில் நான் வேலை பார்த்த லாட்ஜில், சன்னலின் அடிச்சுவர் மூன்றடி உயரம். போதுமென்றே தோன்றும். ஆனால் காட்சி தெரியட்டும் என்று கட்டிலைச் சன்னலோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். மெத்தைமேல் நிற்கும் பிள்ளைக்கு அந்த மூன்றடி ஒன்றரை அடியாகிவிடுகிறது. பக்கத்திலேயே ஓர் அறிவிப்புப் பலகை: "குழந்தைகளைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும். நிர்வாகம் பொறுப்பல்ல." பலகை எழுதிய காசுக்கு இரண்டு கொக்கிகள் வாங்கியிருக்கலாம்!

அறிவுரை மட்டும் போதாது என்பதை நியூயார்க் நகரம் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்டுகொண்டது. அங்கே அடுக்குமாடி வீடுகளிலிருந்து குழந்தைகள் விழுந்து மடிந்துகொண்டிருந்தார்கள். 1972-இல் நகரச் சுகாதாரத் துறை "குழந்தைகளால் பறக்க முடியாது" என்ற பெயரில் ஓர் இயக்கம் தொடங்கி, பெற்றோருக்கு எடுத்துச் சொன்னதோடு நில்லாமல் சன்னல் தடுப்புகளை இலவசமாகவும் கொடுத்தது. பிராங்க்ஸ் பகுதியில் 1973-க்கும் 1975-க்கும் இடையில் இவ்விபத்துகள் பாதியாகக் குறைந்தன. 1976-இல், பத்து வயதும் அதற்குட்பட்டதுமான குழந்தைகள் வாழும் அடுக்குமாடி வீடுகளுக்குக் கட்டட உரிமையாளரே தடுப்புப் பொருத்த வேண்டும் என்று சட்டமாயிற்று. பொறுப்பு தாயின் தோளிலிருந்து உரிமையாளரின் தோளுக்கு மாறியது. வீட்டுக்கே அப்படியென்றால், நாள் வாடகை வாங்கும் விடுதிக்கு எப்படி இருக்க வேண்டும்?

அப்படியானால் எல்லாச் சன்னலுக்கும் இரும்புக் கம்பி அடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. 2019 பிப்ரவரியில் தில்லி கரோல் பாக்கில் ஒரு விடுதி தீப்பிடித்தபோது 17 பேர் இறந்தார்கள். உயிர் தப்ப மாடியிலிருந்து குதித்தவர்களும் உண்டு. 2022 செப்டம்பரில் லக்னோ விடுதித் தீயில் சன்னல் கம்பிகளே மீட்க வந்தவர்களுக்குத் தடையாக நின்றன. விழாமல் காக்கும் கம்பி, எரியும்போது சிறைக்கம்பி!

இரண்டுக்கும் இடையே வழி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2013 முதல் கட்டட விதிகளில் இதைச் சேர்த்திருக்கிறார்கள். விடுதிகளுக்கும் அது பொருந்தும். படுக்கையறைச் சன்னலுக்கு வெளியே தரை 2 மீட்டரோ அதற்கு மேலோ ஆழத்தில் இருந்தால், 125 மில்லிமீட்டர் பந்து நுழையும் அளவுக்குக்கூடச் சன்னல் திறக்கக் கூடாது. அல்லது உறுதியான வலைத்தடுப்பு வேண்டும். அது 250 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும், அதாவது சுமார் 25 கிலோ எடையை. பெரியவர்கள் கழற்றிவிடக் கூடிய, குழந்தையின் கைக்கு மசியாத பூட்டும் அதில் வைக்கலாம். காற்று வரும், பிள்ளை போகாது, தீ என்றால் திறந்துகொள்ளலாம். நம் ஊரில் விடுதிகளுக்கு உரிமம் புதுப்பிக்க வரும் அதிகாரிகள் தீயணைப்புக் கருவியைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு மாடிச் சன்னலையும் ஒருமுறை திறந்து பார்த்தால் என்ன? கண்ணாடி துடைக்க விளிம்பில் ஏறி நிற்கும் வேலைக்காரப் பையன்களையும் அப்போது அவர்கள் காண்பார்கள்.

பூட்டு வரும்வரை காசில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. கட்டிலை நகர்த்துவது. இதை மேலாளரிடம் சொன்னேன். "படுத்தபடியே மலையைப் பார்க்கத்தான் தம்பி இங்கே வருகிறார்கள்" என்றார். நான்கடி தள்ளிப் போட்டாலும் மலை தெரியத்தான் செய்கிறது. விரிப்பு மாற்றும்போது உட்கார்ந்து பார்த்தே சொல்கிறேன்.