மழுங்கிய துளையலகும் சாணைக்கல்லும்

டிரில் பிட் என்று பட்டறைகளில் வழங்கும் துளையலகு மழுங்கிவிட்டால், அதனைக் கழிவுப் பொருளாகக் கருதி எறிந்துவிடும் வழக்கம் பள்ளித் தொழிற்கூடங்களிலும் வீட்டுப் பட்டறைகளிலும் காணப்படுகிறது. புதிய அலகு மலிவாகக் கிடைக்கிறது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இக்காரணம் போதாது என்பது என் கருத்து. எறியப்படும் அலகில் பெரும்பாலும் நுனியின் ஓரம் மட்டுமே தேய்ந்திருக்கும். எஞ்சிய எஃகு பழுதற்றதே.

எறிவதால் பொருள் நட்டம் மட்டுமே நேரும். மழுங்கியதை வைத்துக்கொண்டே துளையிடுவதோ அதனினும் கேடானது. வெட்ட இயலாத விளிம்பு உராய்கிறது, சூடு பிறக்கிறது, மாணவன் மேலும் அழுத்துகிறான். தகட்டின் மறுபுறம் நுனி வெளிப்படும் தருணத்தில் அவ்வழுத்தமே அலகை முறிக்கிறது. அல்லது இறுகப் பிடிக்கப்படாத தகட்டைச் சுழற்றிக் கையை அறுக்கிறது.

முறுக்குப் பள்ளங்களையுடைய அலகுக்கு அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ் 1863-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இவ்வமைப்பில் நுனியைத் தேய்க்கத் தேய்க்க நீளம் குறையுமே அன்றி, விட்டம் ஏறக்குறைய மாறாது. தீட்டித் தீட்டிப் பயன்படுத்துவதற்கு ஏற்ற கருவியை ஒரே முறை பயன்படுத்தி எறிதல் முறையாகுமா?

தீட்டும் முறையில் மறைபொருள் ஏதுமில்லை. பொது வேலைக்குரிய அலகின் நுனிக்கோணம் 118 பாகை. ஆகவே அலகின் அச்சு சாணைக்கல்லின் முகத்தோடு 59 பாகை சாய்ந்திருக்குமாறு பிடித்து, வெட்டு விளிம்பைக் கிடைமட்டமாக வைத்து, மெல்லத் தொடச் செய்து, காம்பைச் சற்றே தாழ்த்த வேண்டும். இதனால் விளிம்பின் பின்புறம் 8 முதல் 12 பாகை வரை சரிந்து அமையும். இச்சரிவு இல்லையேல் எத்துணை கூர்மையான விளிம்பும் உராயுமே அன்றி வெட்டாது. பின்னர் மறு விளிம்பையும் அவ்வாறே தீட்டுக. இரு விளிம்புகளும் நீளத்திலும் கோணத்திலும் ஒத்திராவிடின் துளை அளவுக்கு மிஞ்சிப் பெருக்கும். மெல்லெஃகில் துளையிடும்போது சுருள் ஒரு பள்ளத்தில் மட்டுமே வரும்.

கோணத்தை அளக்கத் தனிக்கருவி தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு அறுகோண நட்டுகளைப் பக்கத்தோடு பக்கம் பொருத்தினால், அவற்றிடையே தோன்றும் வாய் 120 பாகை உடையது. 360-இலிருந்து இரு 120-களைக் கழித்தால் எஞ்சுவது அதுவே என்பதைக் கணித ஆசிரியர் இங்கேயே விளக்கிவிடலாம். இரு பாகை வேறுபாடு நம் வேலைக்குப் பெரிதன்று.

கரி எஃகு அலகு நீலம் பாய்ந்தால் கடினம் இழக்கும். அடிக்கடி நீரில் தோய்த்தல் வேண்டும். ஹைஸ்பீடு எஃகு ஏறத்தாழ 600 பாகை செல்சியஸ் வரை தாங்கும்; எனினும் மிகச் சூடான நிலையில் நீரில் அமிழ்த்தினால் மயிரிழை வெடிப்புகள் தோன்றும். மென்மையாகத் தீட்டிச் சூடேறாமல் காப்பதே நன்று. சுவரில் துளையிடும் கார்பைடு நுனி அலகைச் சாதாரணச் சாம்பல்நிறக் கல்லில் தீட்ட முயல்வது வீண். அதற்குப் பச்சைநிறச் சிலிக்கன் கார்பைடு கல்லோ வைரக் கல்லோ வேண்டும்.

3 மில்லிமீட்டருக்குக் குறைந்த அலகுகளைக் கையால் தீட்டுவது கடினம் என்பதை ஒப்புகிறேன். அவற்றை மாற்றிவிடுவதில் தவறில்லை. ஏனையவற்றைத் தீட்டக் கற்ற பின்னரே துளையிடும் பாடத்தைத் தொடங்க வேண்டும் என்பேன். கண்ணாடி அணியாத எவரையும் சாணையருகே விடலாகாது, கையுறையும் கூடாது, தாங்கிக்கும் கல்லுக்கும் இடைவெளி 3 மில்லிமீட்டருக்கு மிகலாகாது. முதற்பயிற்சிக்கு 10 மில்லிமீட்டர் பருமனுள்ள பழைய அலகு ஏற்றது; அதன் விளிம்புகளை வெறுங்கண்ணாலேயே ஒப்பிட்டுப் பார்க்க இயலும்.