பூ விரியும் நேரத்தில் மருந்து வேண்டாம்

ஏலக்காய்ப் பூவின் ஆயுள் ஒரே ஒரு நாள். விடிவதற்கு முன்பே விரிந்து, பொழுது சாய்வதற்குள் வாடிவிடும். சூல்முடி மகரந்தப் பையைவிடச் சற்று உயரத்தில் இருப்பதால் தன் மகரந்தம் தனக்கே எட்டாது. காலையில் தேனீ வந்தால்தான் காய். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் ஏறி இடுக்கி மலைக்குக் கூலி வேலைக்குப் போகிறவர்கள் பறிக்கும் காயெல்லாம் பெரும்பாலும் அடுக்குத் தேனீயும் மலைத்தேனீயும் தொட்ட பூக்களிலிருந்து வந்தவை.

அதே தோட்டங்களில்தான் பூச்சிமருந்தும் தாராளமாகத் தெளிக்கப்படுகிறது. இலைப்பேன் சுரண்டிய காய் சொரசொரப்பாகி விலை போகாது. தண்டுத் துளைப்பான் புகுந்தால் குருத்தே காய்ந்துவிடும். விவசாயியின் பயம் நியாயமானது. அதனால்தான் ஏலத்துக்கான வேளாண் பரிந்துரைகள் மருந்தே கூடாது என்று சொல்வதில்லை; முற்பகலில் வேண்டாம், தேனீ கூடு திரும்பிய பிறகு அடியுங்கள் என்கின்றன.

ஏக்கர் கணக்கில் ஏலம் வைத்திருப்பவருக்கு மட்டுமான விதி அல்ல இது. குமுளியில் திண்ணையோரத்து ரோஜாவுக்கும், பாலக்காடு கல்பாத்தி அக்ரஹாரத்துத் துளசிக்கும், டெல்லி அடுக்குமாடி பால்கனியில் நிற்கும் செம்பருத்திக்கும் இதுவே பொருந்தும். சொல்லப்போனால் பத்துத் தொட்டி வைத்திருப்பவர்தான் அதிகம் தவறு செய்கிறார். விவசாயிக்கு மருந்தின் விலை தெரியும்; அளந்து கலப்பார். வீட்டுக்காரர் ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றி, காலையில் காபி குடித்த கையோடு அடித்துவிடுகிறார். துளசிக் கதிரில் கொசுத்தேனீ மொய்க்கும் நேரம் அது. கேரள வீடுகளில் சுவர் விரிசலிலும் மண்கலயத்திலும் கூடு கட்டும் இந்தக் கொட்டாத தேனீ சில நூறு மீட்டருக்கு மேல் இரை தேடிப் போவதில்லை. அதன் உலகமே உங்கள் தெருவின் தொட்டிகள்தான்.

மாலையில் அடித்தாலும் தப்பாத மருந்துகள் உண்டு. இமிடாக்ளோபிரிட் போன்றவை செடிக்குள் ஊடுருவி, பூவின் தேனிலும் மகரந்தத்திலும் போய்ச் சேரும். அதையும் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னும் இரண்டையும் ஐரோப்பிய யூனியன் 2018-ல் திறந்தவெளிப் பயிர்களுக்குத் தடை செய்தது. பூக்கும் தொட்டிச் செடிக்கு இவை வேண்டவே வேண்டாம். டப்பாவில் பச்சை முக்கோணம் இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த நிறம் மனிதனுக்கு எவ்வளவு நஞ்சு என்பதற்கான கணக்கு. தேனீக்கு அதில் கணக்கு இல்லை.

பிறகு என்னதான் செய்வது? அசுவினி, வெள்ளை ஈ, சிவப்புச் சிலந்தி மூன்றுக்கும் முதல் மருந்து தண்ணீர். இலையின் அடிப்புறத்தில் வேகமாகப் பீய்ச்சி, மூன்று நாள் கழித்து மறுபடியும் பீய்ச்சினால் பாதித் தொல்லை தீரும். மாவுப்பூச்சியைப் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து எடுக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல். ஓர் இலையில் சோதித்துப் பார்த்துவிட்டு, வெயில் தாழ்ந்த பின், விரிந்த பூக்களை விட்டுவிட்டு அடிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் இலையும் கருகும்.

எறும்பையும் கவனியுங்கள். தேன்போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பது அதுதான். தொட்டி ஸ்டாண்டின் கால்களில் கிரீஸ் தடவினால் ஏறாது. கிண்ணத்தில் தண்ணீர் வைப்பவர்கள் டெங்கு கொசுவுக்கும் சேர்த்து இடம் கொடுக்கிறார்கள்.

2008-ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிக் கேரளத்துக்கும் போயிற்று. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி எதையும் விடவில்லை. உடம்பில் மெழுகுப் பூச்சு இருப்பதால் அடித்த மருந்து ஒட்டவில்லை. 2010-ல் மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து பெங்களூருக்கு வரவழைக்கப்பட்டு, பெருக்கி விடப்பட்டன. மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிடும் அந்தக் குளவி, கண்ணுக்குத் தெரிவதே கடினம். சில மாதங்களில் தொல்லை பெருமளவு அடங்கியது. மருந்தடித்த இடங்களில் குளவியும் செத்தது என்பதால், தெளிப்பதை நிறுத்துங்கள் என்று விவசாயிகளைக் கெஞ்ச வேண்டியிருந்தது.

நம் தொட்டியிலும் இப்படிப்பட்ட ஆட்கள் இருக்கலாம். காபித் தோட்டங்களுக்காக 1898-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு திரியும். பெரிய மாவுப்பூச்சி என்று நினைத்து நசுக்கிவிடுவார்கள். மாவுப்பூச்சி இருந்த இடத்திலேயே கிடக்கும். நீண்ட மெழுகு இழைகளோடு சுறுசுறுப்பாக நடந்து அதைத் தின்பது இந்தப் புழு. பிரஷை எடுக்குமுன் ஒரு நிமிடம் நின்று, எது நகர்கிறது என்று பாருங்கள்.