பிழை வலையமைப்பில், தண்டனை கூரைக்கு

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல், இலங்கை முழுவதும் ஒரேயடியாக மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பாய்ந்ததே காரணம் என்றார் எரிசக்தி அமைச்சர். குரங்கு பாயும், மரம் விழும், இடி இறங்கும்; எந்த நாட்டு மின்கம்பிக்கும் இவற்றிலிருந்து விலக்கில்லை. ஓர் உப மின்நிலையத்துக் கோளாறு அங்கேயே துண்டிக்கப்படாமல், பருத்தித்துறை தொடக்கம் தெய்வேந்திரமுனை வரை முடக்கியது எப்படி என்பதற்கே அவர் பதில் சொல்லியிருக்க வேண்டும். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் 900 மெகாவாட்டும் அதோடு நின்றுபோக, அடுத்த இரண்டு நாட்களும் ஒன்றரை மணிநேர மின்வெட்டு.

குரங்குக் கதை எடுபடாதபோது மின்சார சபை வேறொரு விளக்கம் தந்தது. ஞாயிறு பகலில் தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரம் அதிகம். பெரிய சுழலிகள் சிலவே ஓடியதால் வலையமைப்பின் சடத்துவம் குறைந்து, அதிர்ச்சியைத் தாங்க முடியவில்லையாம். பௌதிகம் சரிதான். அதிலிருந்து சபை வந்தடைந்த முடிவுதான் வெட்கக்கேடு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் உங்கள் சூரியத் தொகுதிகளைப் பகலில் நிறுத்தி வையுங்கள் என்று வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டது.

இந்த வீட்டுக்காரர்கள் யார்? 2016இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற கூரைச் சூரிய மின்திட்டத்துக்கு அரசே கூவி அழைத்தவர்கள். வங்கிக் கடன் எடுத்து, 20 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள். 2022 மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணிநேரம் மின்சாரமின்றி வெந்து, அடுத்து வந்த கட்டண உயர்வுகளில் நொந்து, இனி நம் கூரையே துணை என்று தீர்மானித்தவர்களும் இவர்களுள் உண்டு. ஒவ்வோர் இணைப்பும் சபைக்குத் தெரிந்தே கொடுக்கப்பட்டது. எத்தனை கிலோவாட் கூரைகளில் ஏறுகிறது என்பது அதற்குப் புதினமல்ல. பந்திக்கு அழைத்துவிட்டு, இலை போதவில்லை என்று விருந்தாளியை எழுப்பிவிடுவது எந்த ஊர் முறை?

இதைவிடக் கொடுமை ஒன்றுண்டு. பெப்ரவரி 9 அன்று உச்சி வெயிலில் அந்த வீடுகளிலும் மின்விசிறி சுழலவில்லை. கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்க, வலையமைப்பு நின்றதும் சாதாரண சூரிய இன்வேட்டரும் தானே நின்றுவிடும். பெற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இருந்தால் வீடு பாதுகாப்பாகத் தனித்து இயங்கலாம். ஆனால், ஏற்றுமதி செய்யும் அலகுக்கு மட்டும் விலை வைத்து, சேமிப்புக்கு எந்த ஊக்கமும் கொடுக்காமல் ஆண்டுகளைக் கடத்தியது அரசின் கொள்கை. வசதியுள்ளவர் மின்பிறப்பாக்கி வாங்கினார். மற்றவர் மெழுகுதிரி வாங்கினார்.

மின்சாரம் இருக்கும் நேரத்திலாவது தரமுண்டா? 230 வோல்ட், கூடியோ குறைந்தோ 6 சதவீதம் என்பது விதி. அதாவது 216க்கும் 244க்கும் இடையில் நிற்க வேண்டும். நீண்ட கிராமத்துக் கம்பியின் கடைசி வீட்டில் இரவு குழல்விளக்கு பற்ற மறுக்கிறது. அதே கம்பியில் சூரியத் தொகுதிகள் கூடினால் மதியம் அழுத்தம் ஏறி, இன்வேட்டர் தானாக அணைகிறது. தடித்த கம்பியும் போதிய மின்மாற்றியும் போட்டால் தீரும் வேலை இது. அதைச் செய்யாமல் விட்ட செலவு, குளிர்சாதனப் பெட்டி திருத்துபவரின் பற்றுச்சீட்டாக வீட்டுக்கு வருகிறது.

அமைச்சுக்கும் சபைக்கும் சொல்கிறோம்: நிறுத்தச் சொன்ன நாட்களில் உற்பத்தியாகாமற் போன அலகுகளுக்குப் பணம் கொடுங்கள். வலையமைப்புக்கான பெரிய பெற்றரிகளை இனியும் தள்ளிப்போடாதீர்கள். 600 மெகாவாட் மகா ஓயா நீரேற்றுத் திட்டத்தையும் காகிதத்திலிருந்து இறக்குங்கள். 2030இல் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மின்சாரம் என்று மேடையில் முழங்குவோர், அதைத் தேக்கிவைக்கும் இடத்தையும் சொல்ல வேண்டாமா? மாலை உச்ச நேரத்தில் வீட்டுப் பெற்றரி தரும் மின்சாரத்தைத் கட்டுப்படியாகும் விலைக்கு வாங்குங்கள்.

2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கிறது. நாளைக்கு மின்சாரம் போனால் ஒன்று மற்றதைக் கைகாட்டும் ஏற்பாடாக அது முடியக் கூடாது. நாடளாவிய மின்தடை ஒவ்வொன்றுக்கும் எந்தப் பாதுகாப்புக் கருவி இயங்கவில்லை, அதைப் பராமரிக்க வேண்டியவர் எவர் என்ற முழு அறிக்கையையும் முப்பது நாளுக்குள் மும்மொழியிலும் வெளியிடுவதைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு கட்டாயமாக்க வேண்டும். 2020 ஓகஸ்ட் 17, கெரவலப்பிட்டி உப மின்நிலையக் கோளாறால் நாடே முடங்கிய நாளிலிருந்து அதைத் தொடங்கட்டும்.