ரினியூவல் பணம் வாங்கும்போது சொல்லியிருக்கக் கூடாதா?

உங்கள் ஜிஎஸ்டி கணக்கு சாஃப்ட்வேரின் ஆண்டுச் சந்தாவை முழுசாகக் கட்டியாயிற்று. ரசீதும் வந்தது. புது அப்டேட்டைப் போடப் போனால், விண்டோஸ் 11 இருந்தால்தான் ஏறும் என்று திரையில் ஒரு சின்னப் பெட்டி. அதில் ஓகே என்று ஒரே பட்டன். ஆட்சேபம் சொல்லக்கூட இடம் வைக்கவில்லை. ஹெல்ப்லைனில் பேசிய தம்பி, "சிஸ்டத்த மாத்திடுங்க சார், அவ்ளோதான்" என்றார். அவ்வளவுதானாம்!

என் ஆபீசில் இருக்கும் நாலு சிஸ்டமும் 2017-ல் வாங்கியவை. ஆசைக்கா வாங்கினேன்? அந்த ஜூலை 1-ம் தேதி ஜிஎஸ்டி வந்தது. பில் புக்கும் லெட்ஜருமாக இருந்த தொழில் முழுக்க ஆன்லைனுக்குப் போனது. கடன் வாங்கித்தான் வாங்கினேன். அன்றைக்கு எங்கள் ஊர்க் கடையில் கிடைத்தது இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதோ, ஒன்றிரண்டு விதிவிலக்கு தவிர, எட்டாம் தலைமுறையிலிருந்து! டிபிஎம் 2.0 வேண்டும் என்றார்களே என்று பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன்; இருக்கிறது, ஆன் செய்தும் வைத்தேன். ஆனாலும் ஏற்கும் பிராசஸர்களின் பட்டியலில் என்னுடையதன் பெயர் இல்லையாம். வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த சிபியூக்கள், இன்றைக்கும் பட்டனைத் தொட்டால் எழுந்து நிற்கின்றன. ஜிஎஸ்டிக்காகவே வாங்கிய சிஸ்டத்தில் ஜிஎஸ்டி வேலை பார்க்க முடியாது என்றால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

பாதுகாப்பு என்பீர்கள். நான் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் பார்ட்டிகளின் பான், பேங்க் விவரம் எல்லாம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பயம் உங்களைவிட எனக்கு அதிகம். ஆனால் 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-க்கு சப்போர்ட்டை நிறுத்திய மைக்ரோசாஃப்ட்டே, பதிவு செய்துகொண்டவர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் தருகிறது. விண்டோஸைச் செய்தவர்களே அவகாசம் கொடுக்கும்போது உங்களுக்கு என்ன அப்படி அவசரம்?

தேதி எங்களுக்கு மட்டும் நகராது. 11-ம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 போகாவிட்டால், சரக்கு எடுத்தவருக்கு அந்த மாத ஜிஎஸ்டிஆர்-2பி-யில் கிரெடிட் வராது. கிரெடிட் வராதவர் பேமென்ட்டை நிறுத்துவார். பேமென்ட் நின்ற என் பார்ட்டி நேரே என் மேஜைக்கு வந்து நிற்பார். 20-ம் தேதி 3பி தவறினால் நாளுக்கு 50 ரூபாய் லேட் ஃபீஸ், வரி பாக்கிக்கு 18 சதவீத வட்டி. டிடிஎஸ் ரிட்டர்ன் தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய். போர்ட்டலில் நேரடியாகவே தட்டலாமே என்று யோசனை சொல்கிறவர்கள், ஒரு ஹார்டுவேர் கடையின் மாத பில்களை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும்.

இன்னொன்று. ஆண்டு ரிட்டர்ன் கெடுவிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்பது ஜிஎஸ்டி சட்டம். அந்தக் கணக்கெல்லாம் உங்கள் சாஃப்ட்வேரின் ஃபார்மட்டில்தானே பூட்டிக் கிடக்கிறது? புது வெர்ஷனில் ஒருதரம் திறந்த டேட்டாவைப் பழையது திறக்காது. ஒரு சிஸ்டத்தை மட்டும் மாற்றிச் சமாளிக்கவும் வழியில்லை. நாலையும் மாற்ற வேண்டும். கூடவே டிஎஸ்சி டோக்கன், பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் எல்லாவற்றுக்கும் டிரைவர் தேடி அலைய வேண்டும்.

நான் இலவசமாக எதையும் கேட்கவில்லை. சந்தா முடியும்வரை பழைய சிஸ்டத்தில் ஓடும் வெர்ஷனுக்கு வரி மாற்றங்களை மட்டுமாவது கொடுங்கள். முடியாது என்றால் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். இரண்டும் இல்லையா? இந்த மாதம் என் பார்ட்டிகளுக்கு விழப்போகும் லேட் ஃபீஸ் செலான்களை உங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன், கட்டுவீர்களா?