திருத்தணிக்கு எதற்கு ‘பிம்’ என்பவர்களுக்கு

அஸ்திவாரம் தோண்டும் முன்பே கட்டடம் முழுவதையும் முப்பரிமாணத் தகவல் மாதிரியாகக் கணினியில் எழுப்பிப் பார்ப்பதுதான் ‘பிம்’. “அதெல்லாம் மெட்ரோவுக்கும் விமான நிலையத்துக்கும். திருத்தணியில் ஒரு லாட்ஜ் கட்ட பிளான் போதும்” என்கிறார்கள். போதாது என்பதே என் வாதம்.

“பெரிய கட்டடங்களுக்குத்தான் தேவை.” சட்டங்கள் பெரியவற்றில் தொடங்கியது உண்மை. சிங்கப்பூர் 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடங்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. ஆனால் சிக்கல் பரப்பளவால் மட்டும் வருவதில்லை, சரிவாலும் வரும். மலையடிவார மனையில் முன்பக்கத் தரைத்தளம் பின்பக்கம் மண்ணுக்குள் போய்விடலாம். மாடிப்படிக்கு அடியில் நடக்க 2.2 மீட்டர் உயரம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அது கிடைக்குமா என்பதைத் தரைப்படம் மட்டும் சொல்லாது.

“அது வெறும் அழகுப் படம்.” இல்லை. மாதிரியில் உள்ள சுவருக்குத் தன் கனம், பொருள், அளவு எல்லாம் தெரியும். ஒரு ஜன்னலை அகலப்படுத்தினால் செங்கல் கணக்கும் கூடவே மாறும். கழிவறைக் குழாயையே பாருங்கள். 40க்கு 1 என்ற சரிவில் 20 அடி ஓடும் குழாய் அரை அடி இறங்கியாக வேண்டும். பிளானில் அது ஒரு கோடு. குறுக்கே வரும் பீமோ வேறொரு தாளில். இரண்டும் மோதுவது கான்கிரீட் போட்ட பிறகுதான் தெரிகிறது. உடனே பீமில் துளை போடுகிறார்கள், கம்பி அறுபடுகிறது. மாதிரி அந்த மோதலைத் திரையிலேயே காட்டிவிடும்.

“செலவு கட்டுப்படியாகாது.” ஃப்ரீகேட், போன்சாய் போன்ற மென்பொருள்கள் இலவசம். உழைப்புக்குக் கூலி உண்டுதான். ஆனால் திரையில் குழாயை நகர்த்துவதையும், போட்ட ஸ்லாபை உடைத்து மறுபடி சென்டரிங் அடிப்பதையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

“மேஸ்திரிக்குப் புரியாது.” வெட்டுப்படம்தான் பலருக்குப் புரிவதில்லை. செல்போனில் சுழற்றிப் பார்க்கும் படிக்கட்டு யாருக்கும் புரியும்.

ஒன்று மட்டும் உண்மை: மண் பரிசோதனைக்கும் சரியான நில அளவைக்கும் மாதிரி ஈடாகாது. தவறான மட்டத்தைக் கொடுத்தால் கட்டடமும் தவறாகவே வரும்.

ஆடிக் கிருத்திகைக் கூட்டம் தங்கப்போகும் கட்டடம் என்றால் அதன் படியும் வழியும் உயிர் சம்பந்தப்பட்டவை. ஆகவே உரிமையாளர்களே, சென்டரிங் அடிக்கும் முன் உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள்: பீம், குழாய், படி மூன்றையும் ஒரே மாதிரியில் காட்டுங்கள் என்று. காட்டிய பிறகு கான்கிரீட் போடட்டும்.